இல்லாத வண்டி

"முடிஞ்சிடுச்சா? அதுக்குள்ளயா?" என்றாள் அக்கா. அவள் கையிலிருந்த காபி இன்னும் ஆறவில்லை.

திரையில் பச்சை எழுத்து: நிரூபிக்கப்பட்டது. ஓட்டுநர் இல்லாத ரயில், கடைசி நிலையத்துச் சுவரில் ஒருபோதும் மோதாது. ரயில் விடாமல் ஓடுகிறது. அதன் கணினியோ விட்டுவிட்டுத்தான் பார்க்கிறது. இரண்டு பார்வைக்கு நடுவே வண்டி என்ன செய்யும் என்பதையும் கணக்காக எழுதி, சொன்னது எப்போதும் உண்மையா என்று நிரூபிக்கும் நிரலிடம் கொடுப்பது, திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இளையவளின் வேலை. அலுவலகத்தில் அவளுக்குச் 'சந்தேகம்' என்று பட்டப்பெயர். பிரேக்கை வடிவமைத்த மூத்த பொறியாளர் எல்லாருக்கும் அக்கா.

மேலாளர் ஓடிவந்தார். "நாளைக்கு ரயில் கம்பெனிக்காரங்க வராங்க. உன் பேர் போட்டே குடுத்துடலாம்மா." அவள் பெயரோடு வெளியே போகப்போகும் முதல் நிரூபணம்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாள்கணக்கில் முரண்டு பிடித்த நிரல், இன்று இப்படி வழுக்கிக்கொண்டு போனது உறுத்தியது. மேலாளர் நகர்ந்ததும் ஒரே ஒரு சொல்லை மாற்றித் தட்டினாள்: வண்டி சுவரில் மோதும்.

பச்சை. நிரூபிக்கப்பட்டது.

"என்னடி இது, மோதாதுன்னும் சொல்லுது, மோதும்னும் சொல்லுது! எங்க வீட்டுக்காரர் மாதிரி எதுக்கும் ஆமா போடுதா?"

"நாம குடுத்த நிபந்தனையே ஒன்னுக்கொன்னு ஒத்துவரலக்கா. வேகம் எல்லையத் தாண்டவே தாண்டாதுன்னு ஒரு இடத்துல இருக்கு. தாண்டின நொடியில இருந்து கணக்க ஆரம்பின்னு இன்னொரு இடத்துல. அப்படி ஒரு வண்டியே இருக்க முடியாது. இல்லாத வண்டியப் பத்தி என்ன வேணா சொல்லலாம்ல?"

"எந்தப் புண்ணியவான் எழுதினது?"

"நான்தான். நேத்து."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அந்தத் 'தாண்டவே தாண்டாது' வரிய எடு. ஓட விடு."

எடுத்தாள். இந்த முறை நிரல் வெகுநேரம் மென்றது. பிறகு, சிவப்பு எழுத்தில் முடியாது என்றது. ஏன் என்றும் காட்டியது: கணினி கண் மூடித் திறக்கும் இடைவெளியில் வண்டி சுவருக்குள் ஒரு முழம் போய்விடுகிறது.

"அப்ப என் பிரேக் பத்தல," என்றாள் அக்கா, மெதுவாக.

"பத்தலக்கா."

திரும்பி வந்த மேலாளருக்கு முகம் சுண்டிவிட்டது. "பச்சை வந்தத நானே பாத்தேனே. அதையே அனுப்பும்மா. உள்ள ஒரு வரி இருக்கறது யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும் சார். பேர் என்னோடது."

மேலாளர் அக்காவைப் பார்த்தார். இருபது பேரை அதட்டி வேலை வாங்குகிறவள், இந்தப் பெண்ணையும் ஒரு அதட்டுப் போடுவாள் என்று நினைத்திருப்பார். அக்கா போனை எடுத்து ரயில் கம்பெனியைக் கூப்பிட்டாள்.

"நாளைக்கு வராதீங்க. பிரேக் நான் செஞ்சது, பத்தாது. கண்டுபிடிச்சது யாரா? எங்க பொண்ணுதாங்க! முதல்ல தன் தப்பத் தானே தோண்டி எடுத்தா. அதுக்கு அடியில என்னோடது இருந்துச்சு, அதையும் விடல." பரீட்சையில் முதலாவதாக வந்த மகளைப் பற்றித் தெருவுக்கே கேட்கும்படி சொல்கிற குரல் அது. இளையவள் தலையைக் குனிந்துகொண்டாள். காது மட்டும் சிவந்திருந்தது.

போனை வைத்துவிட்டு அக்கா சட்டைக் கையை மடித்தாள். "தள்ளி உக்காருடி. பிரேக்க இன்னும் முன்னாடியே போடச் சொல்லிப் பாப்போம்."

நிரல் மறுபடி ஓடத் தொடங்கியது. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. ஜன்னலுக்குக் கீழே, சோதனைத் தளத்தில், ஆளில்லாத வண்டி எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தது.