சலங்கை கேட்காத கார்

முனிராஜின் காரில் எல்லாம் கேட்டது. இன்ஜின் உறுமுவது கேட்டது, பின்கதவு ஆடுவது கேட்டது, பாகலூர் ரோட்டுப் பள்ளம் ஒவ்வொன்றும் கேட்டது. பாட்டில் வரும் சலங்கை மட்டும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவனுக்குப் பிடித்த பாட்டு அது. சரணம் முடிந்து, பாடுகிறவள் மூச்சு வாங்கும் இடத்தில் ஒரே ஒருமுறை சலங்கை குலுங்கும். ஷிப்ட் முழுக்க பிரஸ் மெஷினுக்குத் தகடு ஊட்டிவிட்டு வருகிறவனுக்கு அந்த ஒரு குலுக்கல் போதும், தோள்பட்டை இறங்கிவிடும். மூன்று பேர் கை மாறி வந்த மாருதியை அதற்காகத்தான் தவணையில் எடுத்தான் என்று தெரிந்தால் அவன் பெண்டாட்டி வினோதா கரண்டியோடு வருவாள். ஆனால் உண்மை அதுதான். கம்பெனி பஸ்ஸில், வியர்வை நாற்றத்தில், ஆளுக்கொரு மொழியில் போன் பேசுகிறவர்கள் நடுவே யாரால் பாட்டுக் கேட்க முடியும்?

காரிலும் கேட்க முடியாமல் போனதில் அவனுக்கு உலகத்தின் மேலேயே வெறுப்பு வந்தது. சவுண்ட் சிஸ்டத்தை மாற்று என்று புத்தி சொல்ல ஊரெல்லாம் ஆள் உண்டு. புதுசு வாங்கித் தரத்தான் ஆளில்லை. உடைத்துப்போட்ட காரிலிருந்து கழற்றிய ஸ்டீரியோ ஒன்றை வாங்கி மாட்டினான். கதவு அதிராமல் இருக்க, கம்பெனியில் பார்ட்ஸ் சுற்றி வரும் பஞ்சு ஷீட்டைக் கேட்டு வாங்கி வந்து கதவுக்குள் ஒட்டினான். அதில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது.

"கதவுக்கு மெத்தை போடறீங்க. நம்ம தலகாணி பிஞ்சு கெடக்குது, அது கண்ணுக்குத் தெரியல," என்றாள் வினோதா.

மெத்தை போட்டதில் மேளம் நன்றாக விழுந்தது. சலங்கை வரவில்லை.

அப்புறம்தான் கார் ஸ்டீரியோ பொருத்தும் எல்லப்பன் கடைக்குப் போனான். எல்லப்பன் கன்னடக்காரரிடம் கன்னடமும் தெலுங்குக்காரரிடம் தெலுங்கும் பேசுவான். எந்த மொழியில் பேசினாலும் கடைசியில் சொல்வது, புது செட் வாங்குங்கள் என்பதுதான். முனிராஜ் கையை விரித்ததும், பழைய ட்வீட்டர் ஒரு ஜோடியைத் தேடியெடுத்துக் கண்ணாடி ஓரமாகப் பொருத்தினான். சலங்கை மாதிரி மெல்லிய சத்தமெல்லாம் அந்தச் சின்ன ஸ்பீக்கரில்தான் வருமாம்.

வரவில்லை. மறுநாளே போய் நின்றான். எல்லப்பன் ஒயரை மாற்றிக் கொடுத்தான். அப்படியும் வரவில்லை என்று திரும்பப் போனபோது, அவன் தயங்கித் தயங்கி, "அண்ணா, தப்பா நெனக்காதீங்க. உங்க காது..." என்று இழுத்தான்.

"என் காதா? வருசா வருசம் கம்பெனியில செக் பண்ற காதுய்யா இது! நார்மலுன்னு பேப்பர் குடுத்துக்கிறாங்க!"

பேப்பர் கொடுத்தது நிஜம். சோதனையின் லட்சணம் வேறு. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, வெளியிலிருந்து ஒருவன் அனுப்பும் சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொல்வார்கள். காது போனவனை பிரஸ்ஸிலிருந்து பேக்கிங்குக்குத் தள்ளுவார்கள். தள்ளினால் பிரஸ் அலவன்ஸ் போகும். அதனால் பிரஸ் ஷாப்பில் வேலையோடு சேர்த்தே ஒரு வித்தையும் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். முனிராஜுக்குக் கற்றுக்கொடுத்தவன் பக்கத்து மெஷின் சுடலைமுத்து. "ஏல, காத நம்பாத. கண்ணாடி வழியா அவன் கையப் பாரு. கை அசஞ்சா அமுக்கு." மெஷின் சத்தத்துக்குக் காதில் அடைக்கிற பிளக் அரிக்கிறது என்று பனியன் வேஸ்ட்டைத் திரித்துச் செருகக் கற்றுக்கொடுத்தவனும் அவனேதான். இத்தனை வருஷமாக ஷாப்பில் எல்லோரும் நார்மல்.

ஆகவே கோளாறு எல்லப்பனிடம்தான் என்று முனிராஜ் மனதார நம்பினான். அடுத்த ஞாயிறு வினோதாவைக் கூட்டிக்கொண்டு போனான். அவள் வாயைத் திறந்தால் எந்தக் கடைக்காரனும் இறங்கி வருவான்.

எல்லப்பன் சண்டைக்கு நிற்கவில்லை. போனை ஸ்டீரியோவில் இணைத்தான். "சொல்ப நேரம் இருங்கண்ணா. அடியில இருந்து சத்தம் ஏறிக்கினே போவும். எங்க நிக்குதோ சொல்லுங்க, அங்க பாத்துக்கலாம்."

முனிராஜ் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். வினோதா திறந்த கதவோரம் நின்றாள். முதலில் சீட் அதிர்ந்தது. பிறகு ரீங்காரமாகி, விசிலாகி, மெலிந்து, நின்றது.

"நின்னுபோச்சு பாத்தியா!" என்று கத்தினான் முனிராஜ். ஜெயித்துவிட்ட சந்தோஷம். "நான் சொன்னா நம்பல இல்ல?"

திரும்பிப் பார்த்தான். வினோதா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். இளநீர் வண்டிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து ஓடியது.

"நிறுத்துண்ணா! பல்லு கூசுது!"

எல்லப்பன் நிறுத்தினான். முனிராஜுக்கு நிறுத்தியதும் தெரியவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

"பழைய ட்வீட்டரு பாருங்க, அப்பிடித்தான் இருக்கும்," என்றான் எல்லப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு. "வேற போட்டுத் தரன்."

சண்டைக்கு வந்தவள் தலையை ஆட்டினாள். "வேணாண்ணா. நல்லாத்தான் கீது."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வினோதா பாட்டைப் போடச் சொன்னாள். அவனுக்குக் கேட்கப் பிடிக்கவில்லை. போட்டான். சரணம் முடிந்த இடத்தில் அவள் அவன் மணிக்கட்டைத் தொட்டாள்.

"இப்ப வந்துச்சு."

அவன் காரை ஓரங்கட்டி நிறுத்தினான். கண்ணாடிக் கூண்டையும் சுடலைமுத்து சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னான். வியாழக்கிழமை மறுபடி சோதனை என்பதையும் சொன்னான்.

"அடுப்பாண்ட இருந்து கூப்புடுவன், நீங்க திரும்பவே மாட்டீங்க. திமிருன்னு நெனச்சினு இருந்தன்," என்றாள் வினோதா. அழுகையை அடக்கினாள். "எத்தினி நாளு பேசாம இருந்துக்கிறன், அதுக்காவ."

"உண்மையச் சொன்னா பேக்கிங்குக்குத் தள்ளிடுவானுங்க. தவணை கட்ட முடியாது, காரு போயிடும்."

"போவட்டும். நான் பேசறதாவது மிச்சம் இருக்கட்டும். இந்தவாட்டி கண்ண மூடிக்கினு ஒக்காருங்க."

வியாழக்கிழமை கூண்டுக்குள் உட்கார்ந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதிக்க வந்த இளைஞனின் கை தெளிவாகத் தெரிந்தது. முனிராஜ் கண்ணை மூடினான். முதலில் சில சத்தம் வந்தது, அமுக்கினான். பிறகு ஒன்றும் வரவில்லை. ஷிப்ட் களைப்பு கண்ணை அழுத்தியது. பட்டன் மேல் விரலை வைத்தபடி காத்திருந்தான்.

தோளில் கை பட்டது. இளைஞன் ஹெட்போனைக் கழற்றினான்.

"போன வருசம் எல்லாத்துக்கும் கரெக்டா அமுக்கினீங்களேண்ணா. நைட் ஷிப்டா? தூங்கிட்டீங்கபோல. மறுபடி போடட்டுமா?"

தப்பிக்க அவனே வழி விட்டான். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டால் போதும். முனிராஜ் கூண்டைவிட்டு எழுந்தான்.

"தூங்கலப்பா," என்றான். "எனக்குக் கேக்கல. அப்பிடியே எழுதிக்கோ."