மூன்றாவது தட்டின் எடை

எங்கள் ஊரில் பருமனான பிள்ளைகளைத் தனியாக எடை போடுவதில்லை. குடும்பத்தோடு சேர்த்து, உப்பு லாரிகளை நிறுத்தும் எடை மேடையில் ஏற்றித்தான் போடுவார்கள். பிள்ளையின் எடை என்பது வீட்டின் எடை. அதில் யாருடையது எவ்வளவு என்று பிரிப்பது முறையல்ல. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, முதல் லாரி வருவதற்குள், குடும்பங்கள் உப்பளச் சாலையில் வரிசையாக நிற்கும்.

என் மகள் பியூலாவுக்கு அப்போது பதினோரு வயது. பள்ளிக்கூடத்தில் அவளை ‘லோடு’ என்று கூப்பிட்டார்கள். அதற்காக அவள் அழவில்லை. அவள் கவலை வேறு. நான்கு வருடங்களுக்கு முன் சரக்குத் தோணியில் மாலத்தீவுக்குப் புறப்பட்ட அன்று, அவள் அப்பா தவமணி அவளைத் துறைமுகம் வரை முதுகில் சுமந்து போனார். இறக்கிவிட்ட இடத்தில், “வந்ததும் இங்கயே இருந்து ஏத்திக்கிடுதேன்” என்றார். தோணி திரும்பவில்லை. மூழ்கிவிட்டதாகவும் யாரும் சொல்லவில்லை.

“அப்பா வந்தா என்னத் தூக்க முடியுமாம்மா?” என்று ஒருநாள் கேட்டாள். அதனால்தான் குடும்ப உடற்பயிற்சித் திட்டத்தில் பெயர் கொடுத்தேன். பன்னிரண்டு வாரம்.

முதல் சனிக்கிழமை, எடை மேடைக்காரர் இசக்கிராஜ் எங்களைக் கையசைத்து முன்னே வரச் சொன்னார்.

“எக்கா, நடுவுல வாங்க. இன்னும் கொஞ்சம். ஆங், பிரேக் போடுங்க.”

வண்டி எண் எழுதும் இடத்தில் எங்கள் ரேஷன் அட்டை எண்ணை எழுதினார். எனக்கு அறுபது கிலோ. பியூலாவுக்கும் அறுபது. மேடை நூற்றுத் தொண்ணூறு என்று காட்டியது.

“எழுபது கூடுதே” என்றார் இசக்கிராஜ். “வீட்டுக்காரரும் ஏறியிருக்காரோ?”

“அவிய நாலு வருஷமா ஊர்ல இல்ல.”

“ஆளு இல்லாட்டி என்னக்கா, எடை இருக்கே.” சீட்டைக் கிழித்துத் தந்தார்.

தோணியில் போகும்போது தவமணி சரியாக எழுபது கிலோ இருந்தார்.

திட்டத்தின் நர்ஸ் வேலம்மாள் சீட்டைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “வீட்டுல எத்தனை தட்டு வைக்கீங்க?”

மூன்று, என்றேன். சாப்பிட உட்காரும்போது அவருக்கும் ஒரு தட்டு வைப்பேன். சோறு, குழம்பு, ஓரத்தில் அவருக்குப் பிடித்த பொரித்த சாளை மீன். நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை அது காத்திருக்கும். பிறகு, ஆறிப் போகிறதே என்று பியூலா அதை எடுத்துச் சாப்பிடுவாள். நான்கு வருடமாக அப்படித்தான்.

“அதான் விஷயம். இனிமே ரெண்டு தட்டு போதும்” என்று எழுதிக்கொண்டார் வேலம்மாள். “உங்க ரெண்டு பேருக்கு நூறு கிலோதான் கணக்கு. பன்னெண்டாவது வாரம் மேடை நூறு காட்டணும். காட்டலேன்னா மிச்சத்தக் கிட்டங்கியில இறக்கிருவாங்க.”

அதிக பாரம் ஏற்றிய லாரிக்கும் அதே விதிதான். எடை மேடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கிட்டங்கி இருந்தது. உப்பு மூட்டைகளுக்கு இடையில், குடும்பங்களிலிருந்து இறக்கிய எடைகள் அங்கே இருந்தன. இறக்கியதைத் திரும்ப எடுத்துப் போக வழி இல்லை.

பயிற்சியை மூன்று பேரும் செய்யவேண்டும். ரேஷன் அட்டையில் மூன்று பெயர் இருந்தது. காலையில் உப்பளச் சாலையில் நடந்தோம், நடுவில் ஓர் ஆள் அகலம் விட்டு. பிறகு கயிறு தாண்டினோம். கயிற்றின் ஒரு முனையை நானும் மறுமுனையை பியூலாவும் பிடித்துச் சுழற்றினோம். நடுவில் யாரும் இல்லை. ஆனால் கயிறு தரையைத் தொட்டு எழும்போதெல்லாம் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. பதினேழாவது சுற்றில் கயிறு சிக்கிக்கொள்ளும். அவருக்கு இடது முழங்காலில் வலி உண்டு.

“அப்பா அவுட்டு” என்பாள் பியூலா. அந்த ஒரு நிமிடத்தில் அவள் முகத்தைப் பார்க்கவேண்டும்.

இரண்டு தட்டுதான் வைத்தேன். நூற்று எண்பது ஆயிற்று. அடுத்த வாரம் நூற்று எழுபது. அதற்கடுத்த வாரம் நூற்று அறுபது. வேலம்மாள் எங்களைக் கைதட்டிப் பாராட்டினார். வரிசையில் நின்ற மற்றக் குடும்பங்களும் கைதட்டின.

அன்று வீட்டுக்கு வந்து கட்டிலைத் தட்டிப் போட்டேன். எங்களுடையது நாடாக் கட்டில். அவர் படுக்கும் பக்கம் தொய்ந்து குழிந்திருக்கும். யாரும் படுக்காமலேயே நான்கு வருடமாக அந்தக் குழி அப்படியே இருந்தது. நான் இந்தப் பக்கம் படுத்தால் உருண்டு அங்கே போவேன். அதற்காகவே இந்தப் பக்கம் படுப்பேன். அன்று கையை வைத்துப் பார்த்தேன். நாடா மேலே எழும்பி, கிட்டத்தட்ட சமமாகியிருந்தது.

மறுநாள் கயிறு சுழன்றபோது சத்தம் மெல்லக் கேட்டது, ஈரத்துணி விழுகிற மாதிரி. முப்பது சுற்று ஆகியும் கயிறு சிக்கவில்லை. பியூலா கையை நிறுத்தினாள்.

“அம்மா, நம்ம ரெண்டு பேரும் மெலியல. அப்பா மெலியுதாவ.”

“தெரியும்” என்றேன்.

“இப்ப எவ்வளவு இருப்பாவ?”

“நாப்பது.”

“நான் நாலாப்புல அவ்வளவு இருந்தேன்” என்றாள். உப்புப் பாத்தியில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “நூறு வரணும்னுதானே சொன்னாவ? அதுல யாரு எவ்வளவுன்னு சொன்னாவளா?”

சீட்டை எடுத்துப் பார்த்தேன். மொத்தம் என்று ஒரு கட்டம்தான் இருந்தது. யாருடையது எவ்வளவு என்று பிரிப்பது முறையல்ல.

அன்று மூன்று தட்டு வைத்தேன். பியூலா தன் தட்டை முடித்துவிட்டு எழுந்து கை கழுவப் போனாள். மூன்றாவது தட்டை அவள் தொடவில்லை. அவள் திரும்பி வந்தபோது சாளை மீனின் முள் மட்டும் தட்டின் ஓரத்தில், அவர் ஒதுக்கிவைக்கும் விதமாகவே, வரிசையாக இருந்தது.

அடுத்த நாளிலிருந்து கயிற்றின் மறுமுனையை அவரிடம் கொடுத்தோம். ஒரு முனையை எங்கள் வீட்டு வேம்பில் கட்டினோம். மறுமுனை இடுப்பு உயரத்தில் நின்று சுழன்றது. நானும் பியூலாவும் நடுவில் குதித்தோம். முதல் வாரம் மூச்சு வாங்கியது. இரண்டாவது வாரம், மேலே போனால் கீழே வரச் சற்றுத் தாமதமாயிற்று. ஐந்தாவது வாரம், எனக்கு முந்தி குதித்த பியூலா எனக்குப் பிந்தி இறங்கினாள். கயிறு எங்களுக்காகப் பொறுத்து, மெதுவாகச் சுழன்றது. அவர் எப்போதும் பொறுமைக்காரர்.

கட்டிலில் குழி திரும்பிவிட்டது. நான் இந்தப் பக்கம் படுத்தேன். உருண்டு போக எனக்குத்தான் பாரம் போதவில்லை. கையை மட்டும் நீட்டி அந்தக் குழிக்குள் வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாவது சனிக்கிழமை வந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பத்துக்கு இருபது கிலோ கூடியிருந்தது. கிட்டங்கியின் கதவைத் திறந்து அதை இறக்கினார்கள். அந்த வீட்டம்மா இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். கதவு மூடிக்கொண்டது. பியூலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில் கனமே இல்லை.

நாங்கள் மேடையில் ஏறினோம். முன்பு ஏறும்போதெல்லாம் இரும்புத் தகடு மூன்று முறை முனகும். இப்போது ஒரு முறைதான் முனகியது. பியூலா கண்ணை மூடிக்கொண்டாள்.

“நூறு” என்றார் இசக்கிராஜ். எட்டி மேடையைப் பார்த்தார். “எக்கா, கால் தரையில படுதா?”

“ஒரு கால் படுது.”

“அது போதும்.”

வேலம்மாள் கையெழுத்துப் போட்டார். என் வீட்டுக்காரர் எழுபது, நாங்கள் ஆளுக்குப் பதினைந்து. அதை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. திட்டத்தை முடித்த குடும்பத்துக்கு ஒரு புதுக் கயிறு பரிசு. அதை வாங்கி ஒரு முனையை அவரிடம் நீட்டினேன். கயிறு விறைத்தது.

மேடையிலிருந்து இறங்கியதும் மேற்கிலிருந்து கச்சான் காற்று எழுந்தது. ஆடி மாதத்தில் அது வழக்கம்தான். உப்புக் குவியல்கள் மேல் போட்டிருந்த ஓலை படபடத்தது. பியூலா தரையிலிருந்து எழும்பி, ஒரு முதுகின் உயரத்தில் நின்றாள். இரண்டு காலையும் ஓர் இடுப்பைச் சுற்றி மடக்கிக்கொண்டு, கைகளைக் கோத்துக்கொண்டு, கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள்.

“கனக்குதா?” என்று கேட்டாள். பதிலைக் கேட்டுச் சிரித்தாள்.

நான் கயிற்றின் என் முனையைப் பிடித்தபடி, பட்டம் மாதிரி, அவர்களுக்கு மேலே நின்றேன். கீழே உப்பு படிந்த சாலையில் ஒரு ஜோடி செருப்புத் தடம் மட்டும் விழுந்துகொண்டே போயிற்று, இடது கால் கொஞ்சம் இழுத்தபடி. முச்சந்தி வந்ததும் தடம் எங்கள் தெருப் பக்கம் திரும்பவில்லை. துறைமுகத்தின் பக்கம் திரும்பியது.

அப்போதுதான் வீட்டுச் சாவி நினைவுக்கு வந்தது. மேலேயிருந்து இசக்கிராஜைக் கூப்பிட்டு, சாவியைப் போட்டேன். அவர் ஒரு கையால் பிடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த குடும்பத்தை நடுவில் வரச் சொன்னார்.