ஒத்மார் சாமியாரின் இருபது பட்டாணிகள்

1

இந்தக் கதை என் கடைவாய்ப் பல்லிலிருந்து வந்தது. செக் நாட்டின் பிர்னோ நகரில் பல் பிடுங்கிக்கொள்ளக் காத்திருந்த அறையில் ஒரு பழைய சஞ்சிகை கிடந்தது. பட்டாணிச் செடியில் பரம்பரை விதியைக் கண்ட பெரியவரின் எண்கள் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருப்பதாகப் பின்னாளில் ஒரு புள்ளியியல் அறிஞர் சந்தேகப்பட்டார்; அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை என்று அதில் போட்டிருந்தது. பல் போன பிறகு இரண்டு நாள் பட்டாணி சூப் மட்டுமே இறங்கியது. மெல்ல முடியாதவனுக்கு யோசிக்க நேரம் நிறைய.

பெரியவர் இந்தக் கதையில் வரமாட்டார். அவருக்குச் சிலை இருக்கிறது. சிலை உள்ளவர்களை வைத்து எழுதினால் வீட்டுக்குக் கடிதம் வரும். எனக்கு வேண்டியவர் சிலை இல்லாத ஒருவர். கிடைக்கவில்லை. செய்துகொண்டேன்.

பெயர் ஒத்மார். மொராவியாவில் ஒரு சின்ன மடத்துச் சாமியார். அவரும் பட்டாணி வளர்த்தார். மஞ்சள் விதைச் செடியையும் பச்சை விதைச் செடியையும் சேர்த்தார். பிள்ளைகள் முழுக்க மஞ்சள். பேரப்பிள்ளைகளில் பச்சை திரும்பி வந்தது. மூன்று மஞ்சளுக்கு ஒரு பச்சை. அவர் கண்டது இது. அல்லது காண விரும்பியது.

2

முதல் தொடக்கம்: "மூடுபனி விலகிய காலையில் மடத்து மணி…" (மடத்துக் கதை எல்லாமே மணியில்தான் தொடங்குகிறது. வேண்டாம்.)

இரண்டாவது: "ஒத்மார் உண்மையை நேசித்தார்." (ஆதாரம் இல்லை.)

மூன்றாவது: எண்ணியது ஒத்மாருக்கு, எண்ணாதது அடுப்புக்கு.

இது நிற்கும். மடத்தின் ஏற்பாடு அதுதான். சாப்பாட்டுக் கூடத்தின் கடைசி மேசையில், மூட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒத்மார் மஞ்சளை ஒரு பக்கமும் பச்சையை மறுபக்கமும் ஒதுக்குவார். கணக்கு மூன்றுக்கு ஒன்றைத் தொட்டதும் "போதும்" என்று எழுந்துவிடுவார். மீதி மூட்டை சமையலறைக்குப் போகும்; அன்றைக்கு சூப். தொடாவிட்டால் எண்ணிக்கொண்டே இருப்பார். அன்றைக்கு பார்லிக் கஞ்சி.*

* பிடித்த இடத்தில் நிறுத்துவது தப்பா? ஒத்மாருக்கு அப்படித் தோன்றவில்லை. நானும் இந்தப் பகுதியைப் பிடித்த இடத்தில்தான் நிறுத்துகிறேன்.

3

முதல் வரைவில் ஒரு நாய் இருந்தது. கதைக்கு ஒத்துவரவில்லை, எடுத்துவிட்டேன். என் தொழிலில் இதற்குத் திருத்தம் என்று பெயர். ஒத்மாரின் தொழிலில் வேறு பெயர்.

நாய்க்குப் பதில் மடத் தலைவர் வருகிறார். பட்டாணித் தோட்டத்தில் அஸ்பாரகஸ் என்ற தண்டுக்காய் போட வேண்டும் என்பது அவர் எண்ணம். பிஷப்புக்கு அஸ்பாரகஸ் பிடிக்கும்.

"ஒத்மார், பட்டாணியத் திங்கலாம். உன் கணக்க யாரு திங்கறது?"

"வேளாண் சபையில கட்டுரையா வாசிக்கறேன். அவங்க சொல்லட்டும்."

"சரின்னா தோட்டம் உனக்கு. இல்லைன்னா பிஷப்புக்கு."

தவக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை நாள் குறித்தார்கள். ஒத்மாரிடம் அந்தத் தோட்டத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. (இங்கே உருக்கமாக ஒரு பத்தி இருந்தது. நாய் போன வழியில் போய்விட்டது.)

4

அந்த வாரம் பாவசங்கீர்த்தனம் கேட்கும் முறை ஒத்மாருடையது. சமையல்காரி அப்போலேனா வந்தாள். இவளை முதலில் ஒல்லியாக எழுதினேன். முழந்தாளிடும்போது பலகை முனகவில்லை. ஆகவே குண்டு.

"பாவம் செஞ்சிட்டேன் சாமி."

"சொல்லும்மா."

"மூட்டையில கை வச்சிட்டேன்."

"எந்த மூட்டை?"

"உங்க மூட்டைதான். மூஞ்சிய உர்ருனு வச்சுக்கிட்டு பச்சை கம்மி, பச்சை கம்மினு முனகுவீங்க. பந்தியில உக்காந்த கிலியான் சாமி சூப்பு எங்கன்னு கரண்டியால மேசையத் தட்டுவாரு. நான் என்ன பண்ணுவேன்? கடைப் பட்டாணியில பச்சையா ஒரு பிடி எடுத்து உள்ள போட்டேன். கொஞ்ச நேரத்துல போதும்னு எந்திரிச்சீங்க."

ஒத்மார் கூண்டின் வலைத்தட்டிக்கு அருகே குனிந்தார்.

"எத்தனை தடவை?"

(பாவத்தை எண்ணிக்கையோடு சொல்ல வேண்டும் என்பது விதி. அவருக்குள்ளிருந்த சாமியாரும் ஆராய்ச்சிக்காரரும் ஒரே கேள்வியைக் கேட்ட தருணம் இது ஒன்றுதான்.)

"ஒரு நாலஞ்சு."

"நாலா? அஞ்சா?"

"எல்லாத் தடவையும்னு வச்சுக்கங்க. முழுசா இருக்கும்."

"அப்போலேனா, இது ஏலம் இல்ல."

"உங்களுக்கு எது வசதியோ அதப் போட்டுக்கங்க சாமி."

அந்தக் கூண்டில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. சொன்னவளைக் காட்டிக்கொடுக்கும்படி எதுவும் செய்யவும் கூடாது. ஒத்மாரின் எண்கள் கெட்டுவிட்டன. கெட்டது அவருக்குத் தெரியும். தெரியும் என்று சொல்ல முடியாது.

கெட்டதா என்பதும் சந்தேகம். போன தவக்காலத்தில் பன்றித்தொடை ஒன்றைத் திருடியதாகச் சொன்னாள். தொடை கொக்கியிலேயே தொங்கியது. அதற்கு முன்பு பிஷப்பைப் பற்றிக் கெட்ட எண்ணம் வந்ததாகச் சொன்னாள். பிஷப்பை அவள் பார்த்ததே இல்லை. வெறுங்கையோடு கூண்டுக்கு வருவது மரியாதை இல்லை என்பது அவள் நினைப்பு. (இதையெல்லாம் வெளியே சொல்ல எனக்கு அனுமதி உண்டா? உண்டு. நான் குருப்பட்டம் வாங்கவில்லை.)

"பரிகாரம் சொல்றேன். ஈஸ்டர் வரைக்கும் மூட்டைப் பக்கம் போகாத."

"அப்ப சூப்பு?"

"கஞ்சி."

"கிலியான் சாமிகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

5

ஒரு மூட்டை மீதி இருந்தது. இதுவரை பிரிக்காதது. ஒத்மார் அதைத் தன் அறைக்குத் தூக்கிப்போய், வாசிப்புக்கு முதல் நாள் எண்ணத் தொடங்கினார். மடத் தலைவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன பண்ற?"

"எண்ணறேன்."

"நாளைக்கு வாசிப்பு. முன்ன எண்ணினது தப்பா?"

"அப்படிச் சொல்லல."

"அப்ப சரியா?"

"அப்படியும் சொல்லல."

"சபையிலயும் இப்படித்தான் பேசப் போறியா? பேசு, பேசு. வெள்ளிக்கிழமை குழி வெட்ட ஆள் சொல்லிடறேன்."

இந்த முறை ஒத்மார் நடுவில் எழவில்லை. மூட்டை காலியாகும் வரை எண்ணினார். மஞ்சள் இருநூற்றுத் தொண்ணூற்றேழு. பச்சை எழுபத்தொன்பது. நடுவில் ஒரு சின்னக் குவியல்: இருபது.

இந்த இருபதும் இரண்டுங்கெட்டான். வெயிலில் வெளுத்த பச்சையா, சரியாகப் பழுக்காத மஞ்சளா, தெரியவில்லை. விதைத்துப் பார்த்தால் தெரியும். கோடை வரை ஆகும்.

முன்பு இப்படிப்பட்டவை வந்தபோது அவர் கை தயங்கியதில்லை. எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் தானாகப் போகும். அதை இன்றுதான் கவனித்தார். மூட்டையில் கை வைத்தவள் அப்போலேனா மட்டும் இல்லை.

6

முடிவு அ: ஒத்மார் உள்ளதை உள்ளபடி வாசிக்கிறார். சபை எழுந்து கைதட்டுகி… (சபைகள் இதற்கெல்லாம் கைதட்டுவதில்லை.)

முடிவு ஆ: பழைய எண்களையே வாசிக்கிறார். விதி எப்படியும் உண்மைதானே! (நமக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்ததை அவர் மூட்டையில் போட்டால், அது அப்போலேனா செய்த வேலை.)

முடிவு இ: அப்போலேனா தானாகச் சபைக்கு வந்து உண்மையைச் சொல்கிறாள். அவளையே கேட்டேன்.

"ஒரு தடவை சொல்லி மன்னிப்பும் வாங்கியாச்சு. மறுபடி எதுக்கு? வேற வேலை இல்லியா உங்களுக்கு?"

7

ஆக, புதன்கிழமை மத்தியானம். இருபதையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒத்மார் சன்னலோரம் நிற்கிறார். பச்சையில் சேர்த்தால் தொண்ணூற்றொன்பது. கச்சிதமாக மூன்றுக்கு ஒன்று. மஞ்சளில் சேர்த்தால் கிட்டத்தட்ட நாலுக்கு ஒன்று, தோட்டத்தில் அஸ்பாரகஸ்.

கதவுக்கு வெளியே அப்போலேனா.

"மூட்டைப் பக்கம் வரல சாமி. வாசல்லதான் நிக்கறேன். கையில இருக்கறது எந்தப் பக்கம்னு முடிவாச்சா? தண்ணி கொதிக்குது."

ஒத்மார் திரும்பி அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் உங்களைப் பார்க்கிறேன்.

கையை நீட்டுங்கள். இருபதும் இருக்கின்றன, எண்ணிக்கொள்ளுங்கள். வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்து நிறம் சொல்லுங்கள். ஒத்மார் எழுதிக்கொள்வார். ஒரே ஒரு நிபந்தனை: எந்த நிறம் வந்தால் நல்லது என்பதை மறந்துவிட்டுப் பார்க்க வேண்டும்.