கடைசியாக எழுதியதே சரி

அடுத்த வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்கும் ஆசை எனக்குச் சிறு வயதிலேயே உண்டு. வளர்ந்த பிறகு அதையே தொழிலாக்கிக்கொண்டேன். பழைய கம்ப்யூட்டர்களில் கடைகளும் கம்பெனிகளும் சேர்த்து வைத்திருக்கும் விவரங்களை வெளியே எடுத்து, தூசி தட்டி, புதிய கம்ப்யூட்டரில் அடுக்கிக் கொடுப்பது என் வேலை. கேட்பதற்குச் சப்பென்று இருக்கும். ஆனால் ஆட்களின் குணம் அதில் தெரிவதுபோல் நேரில் பேசினால்கூடத் தெரியாது. ஒரு லாரி கம்பெனியில் எரிச்சலூட்டும் வாடிக்கையாளர் பெயருக்கு முன்னால் நட்சத்திரம் போட்டு வைத்திருந்தார்கள். முதலாளியின் மாமனார் பெயருக்கு முன்னால் ஒரு வானமே இருந்தது.

சொந்தக்காரர்கள் வேலையை மட்டும் எடுக்காதே என்று இந்தத் தொழிலில் எல்லாரும் சொல்வார்கள். நான் கேட்டேனா? அக்கா கூப்பிட்டாள், போனேன்.

அக்காவும் அத்தானும் நடத்துவது பெயிண்ட் கடை. அத்தான் கல்லாவில் இருப்பார். அத்தானின் தம்பியை எல்லாரும் சின்னவர் என்பார்கள். அவர் சரக்கு எடுப்பதும் வெளிவேலையும் பார்ப்பார். கலக்கும் மேடை அக்காவுடையது. உடைந்த ஓடு, பழைய கதவின் சிராய், துணித் துண்டு, எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து அதை ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு வெள்ளை பெயிண்டில் மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று சொட்டுச் சொட்டாக விட்டு, குச்சியால் கிளறி, அட்டையில் தடவி, காயவைத்துக் காட்டுவாள். அச்சு அசலாக அதே நிறம் இருக்கும். எத்தனை சொட்டு என்பதை உடனே கம்ப்யூட்டரில் பதிந்துவிடுவாள். நிறத்தில் தகராறு வந்தால் கொத்தனார்களும் பெயிண்டர்களும் அவளிடம்தான் பஞ்சாயத்துக்கு வருவார்கள். அவள் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

சின்னவருக்கு மட்டும் வேறு யோசனை. சுவரில் வைத்தால் தானே அளவு சொல்லும் கருவி ஒன்றை வாங்கிப் பெட்டி பிரிக்காமல் வைத்திருந்தார். கலவையை இயந்திரமே பார்த்துக்கொள்ளும், அண்ணி பில் போடும் மேஜைக்கு வந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டரை மாற்று, கலக்கும் மெஷினை மாற்று, பழைய பதிவுகளை எல்லாம் கொண்டுபோய்ப் புதிதில் போடு. ஆனால் எந்தச் சொட்டு எவ்வளவு என்று சொல்வது நான், அந்த ஸ்டூல் என்னுடையது என்று சொல்லிவிட்டாள்.

"சரி அண்ணி, ஒரு புகார் வராத வரைக்கும் ஸ்டூல் உங்களோடதுதான்" என்றார் சின்னவர்.

"வந்தா நானே எழுந்துக்கிறேன்" என்றாள் அக்கா. அவளுக்கு வீம்பு அதிகம். எங்கள் குடும்பத்தில் எல்லாருக்குமே அதிகம்.

பழைய புரோகிராமை எழுதியவன் எங்கே போனானோ தெரியவில்லை. பதிவுகளை வெளியே எடுக்க அதில் வழியே வைக்காமல் போயிருந்தான். கோப்பைத் திறந்தால் கோழி கிளறிய குப்பை மாதிரி எழுத்துகள். எனக்கு அப்படிப்பட்டவைதான் பிடிக்கும். எந்த எழுத்துக்குப் பின்னால் தேதி வருகிறது, எங்கே வாடிக்கையாளர் பெயர் முடிகிறது, எந்த எண் நீலம் என்று ஒவ்வொன்றாகப் பிடித்தேன். அக்கா பதிந்த திரையையும் நான் எடுத்த எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தேன். ஒரு சொட்டு பிசகவில்லை.

ஒரே ஒரு விஷயம்தான் விநோதமாக இருந்தது. பல் டாக்டர் ஒருவர் அந்தக் கடைக்கு நெடுநாள் வாடிக்கை. அவருடைய கிளினிக்கின் வெளிர் பச்சைக்கு ஒரு பதிவு இருக்க வேண்டிய இடத்தில் கொத்தாகப் பல பதிவுகள் இருந்தன. எல்லாம் ஒரே நிறம், ஆனால் அளவுகள் கொஞ்சம் கொஞ்சம் வேறு. மற்ற வாடிக்கையாளர்களுக்கும் அப்படியே. ஏன் என்று அக்காவிடம் கேட்டேன்.

"பழசைத் தேடணும்னா அந்தப் புரோகிராம் அரை நாள் யோசிக்கும். தேடுறதுக்குள்ள நான் கண்ணால பார்த்துக் கலந்தே முடிச்சிடுவேன்" என்றாள்.

அதாவது ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலந்து புதிதாகப் பதிந்திருக்கிறாள். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு விதி உண்டு. ஒரே விஷயத்துக்குப் பல பதிவுகள் இருந்தால் கடைசியாக எழுதியதே சரி. முகவரி மாறினால் புதியதைத்தானே வைத்துக்கொள்வோம். நானும் கடைசிப் பதிவுகளை மட்டும் கொண்டுபோனேன். மற்றவற்றைத் தனியே மூட்டை கட்டி வைத்தேன். அழிக்கவில்லை. எதையும் தூக்கி எறிய எனக்கு மனசு வராது.

புதிய கம்ப்யூட்டரும் புதிய கலக்கும் மெஷினும் ஓட ஆரம்பித்தன. முதல் வாரமே பல் டாக்டர் வந்து நின்றார். காத்திருப்பு அறையில் தண்ணீர்க் குழாய் கசிந்து சுவரை உடைத்திருக்கிறார்கள். பூசிய இடத்துக்கு மட்டும் அதே பச்சை வேண்டும் என்று கேட்டார். பெயரைத் தட்டினால் அளவு வந்துவிட்டது, அக்கா பார்த்துத் தலையசைத்தாள், டின் போயிற்று. மறுநாள் டாக்டர் டின்னோடு திரும்பி வந்தார். நடுச்சுவரில் சட்டையில் ஒட்டுப் போட்டதுபோல் தெரிகிறதாம். பல் வலியோடு வருகிறவர்கள்கூட வலியை மறந்து அதைப் பார்க்கிறார்களாம்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் எண்களை மாற்றிவிட்டேன் என்று சின்னவர் பேச ஆரம்பித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும் என்றேன். சொன்ன பிறகுதான் அந்தச் சட்டி யாருடையது என்று உறைத்தது. அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்து, பில் மேஜைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். சின்னவரே இதை எதிர்பார்க்கவில்லை. பேசாமல் இரு என்று நான் ஜாடை காட்டியதை அவர் முதல்முறையாகக் கேட்டார்.

பழியைத் துடைப்பதற்காகத்தான் ஆரம்பித்தேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். எனக்கு அரிப்பு வந்துவிட்டது. எண் சரி, பெயர் சரி, நிறம் மட்டும் எப்படித் தப்பும்?

முதலில் புதிய மெஷினைச் சந்தேகப்பட்டேன். அளவுக் குழாயில் ஒவ்வொரு வண்ணத்தையும் விட்டுப் பார்த்தேன். கூடவுமில்லை, குறையவுமில்லை. அதுவரை அக்கா சொட்டு விட்டுவந்த, மூலையில் கிடந்த பழைய கைமெஷினையும் அப்படியே சோதித்தேன். அதுவும் யோக்கியமாக இருந்தது. கடையில் விளக்கை மாற்றினீர்களா என்று அத்தானைக் கேட்டேன். வாசலில் விழும் பகல் வெளிச்சத்தைத் தவிர வேறு எதையும் நம்பி அக்கா கலந்ததே இல்லை என்றார்.

பிறகு மூட்டை கட்டி வைத்ததைப் பிரித்தேன். டாக்டரின் பச்சைக்கு இருந்த ஒவ்வொரு பதிவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அட்டைகளில் தடவிக் காயவைத்து, கிளினிக்குக்கு எடுத்துப் போனேன். வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தவர்கள் பார்க்க, காத்திருப்பு அறைச் சுவரில் அட்டைகளை வரிசையாக ஒட்டினேன். முதல் பதிவின் அட்டை சுவரோடு சுவராகிவிட்டது. கையால் தடவினால்தான் அது இருக்கும் இடம் தெரிந்தது. அடுத்து வந்தவையும் பரவாயில்லை. போகப் போக ஒன்று நீலம் தூக்கலாக, ஒன்று நீலம் செத்து, அட்டைகள் தனித்தனியாகத் தெரிந்தன. டாக்டரிடம் விசாரித்தேன். காத்திருப்பு அறைக்கு அடித்ததுதான் முதல் பதிவு. அதற்குப் பிறகு ஒவ்வோர் அறையாகச் சேர்த்தபோது அதே பச்சை கேட்டு வாங்கியிருக்கிறார். கதவுகள் நடுவில் இருந்ததால் யாரும் ஓர் அறையை இன்னோர் அறையோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

கடைக்கு வந்து மற்ற வாடிக்கையாளர்களின் பதிவுகளையும் தேதி வாரியாகப் பிரித்து வரைபடமாகப் போட்டேன். ஒரே நிறத்துக்கு அக்கா விட்ட மஞ்சள் கோடு போட்டதுபோல் நேராகப் போனது. சிவப்பும் கறுப்பும் அப்படியே. நீலம் மட்டும் சில வருஷங்களாக மேலும் கீழும் அலைந்தது. வர வர அலைச்சல் அதிகம்.

யார் கலந்தது என்பதற்குப் பழைய புரோகிராமில் ஓர் எண் உண்டு. ஒன்று என்றால் அக்கா, இரண்டு என்றால் சின்னவர். அக்கா இல்லாத நாட்களில் சின்னவர் கலந்ததை மட்டும் பிரித்துப் பார்த்தேன். அவர் கலவை எல்லாமே சுமார்தான். ஆனால் எல்லா வருஷமும் ஒரே மாதிரி சுமார். நீலம் அலையவில்லை.

மெஷினில் இல்லை, வெளிச்சத்தில் இல்லை, எண்ணிலும் இல்லை. மிச்சம் இருந்தது ஒன்றுதான். இவ்வளவு நேரம் துப்பறிந்த சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. பூனைக்கு மணி கட்டும் வேலை என் தலையில் விழுந்தது, அந்தப் பூனையோ என்னைத் தூக்கி வளர்த்தவள்.

மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் அக்காவை அழைத்து வரைபடத்தைக் காட்டினேன். வேடிக்கையாக ஆரம்பிக்கலாம் என்று இரண்டு வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன். இரண்டும் மறந்துவிட்டன. நேராகச் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன், படவில்லை. நீலக் கோட்டின் மேல் விரல் வைத்து, அது அலைய ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்தினாள்.

பிறகு, கிளினிக் சுவரில் ஒட்டிப் பார்த்த அட்டைகளில் மிக வேறாகத் தெரிந்த இரண்டை எடுத்து வாசல் பக்கம் பிடித்தாள். ஒரு கண்ணை மூடினாள். திறந்து, மற்றதை மூடினாள்.

"இந்தக் கண்ணுல பார்த்தா ரெண்டும் ஒண்ணு. அந்தக் கண்ணுல கொஞ்சம் வேற மாதிரி" என்றாள். "ஒவ்வொரு கண்ணுக்கும் நிறம் கொஞ்சம் மாறும்டி. எல்லாருக்கும் அப்படித்தானே?"

"இல்லைக்கா" என்றேன்.

அவள் அட்டைகளைக் கீழே வைத்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கு வரவில்லை. பல் டாக்டருக்கு போன் போட்டு, தப்பு கம்ப்யூட்டருடையது இல்லை, என் தங்கையுடையதும் இல்லை, என் கண்ணுடையது என்று சொன்னாள். எனக்குத் தெரிந்து அக்கா தன் வாயால் தப்பு என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

கண் டாக்டர் பார்த்தவுடன் சொல்லிவிட்டார். இரண்டு கண்ணிலும் புரை. லென்ஸ் பழுத்து மஞ்சளாகியிருக்கிறது, மஞ்சள் கண்ணாடி போட்டதுபோல் நீலத்தை அது தின்றுவிடுகிறது. மெதுவாக வந்ததால் அவளுக்கே தெரியவில்லை. எடுத்துவிடலாம், பயமில்லை என்றார். அவள் ஆஸ்பத்திரிக்குப் போன வாரத்தில் நான் புதிய கம்ப்யூட்டரில் விதியைத் திருப்பிப் போட்டேன். அந்தக் கடைக்கு மட்டும், முதலில் எழுதியதே சரி. பல் டாக்டரின் முதல் பதிவை எடுத்துச் சின்னவர்தான் கலந்து கொண்டுபோனார். ஒட்டு மறைந்துவிட்டது என்று அங்கிருந்தே போன் செய்தார். பெட்டியிலிருந்த கருவியைப் பற்றி அவர் பேசவே இல்லை.

முதல் கண்ணில் கட்டுப் பிரித்த அன்று நாங்கள் எல்லாரும் வீட்டில் இருந்தோம். அக்கா ஒன்றொன்றாக நிறங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். திரைச்சீலை, பாத்திரம் துலக்கும் பவுடர் டப்பா, என் செருப்பு. அத்தானிடம் வந்ததும் நின்றுவிட்டாள்.

"இந்தச் சட்டை என்ன நீலமா? சாம்பல்னுதானே நான் வாங்கினேன்."

அத்தான் தரையைப் பார்த்தார். அலமாரியில் இருக்கும் அவர் சட்டைகள் அத்தனையும் நீலம் என்பது கேட்காமலே தெரிந்தது.

"வாங்கின அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"நீ சாம்பல்னு சொன்ன. அதனால எனக்குத்தான் கண்ணுல ஏதோ கோளாறுன்னு நினைச்சேன்" என்றார் அத்தான். "நிறத்துல உன்கிட்ட யாராவது எதிர்த்துப் பேச முடியுமா?"

சின்னவர் சுவரைப் பார்த்தார். நானும்தான். ஒருமுறை அவள் எனக்கு எடுத்துக் கொடுத்த நீலப் பையை நானும் சாம்பல் என்றே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அக்கா எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, ஆனால் கோபமே தேவலை என்று இருந்தது.

இரண்டாவது கண்ணும் சரியாகி அவள் கடைக்குத் திரும்பிய அன்று ஸ்டூலில் உட்காரவில்லை. அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, கல்லாவிலிருந்த அத்தானைக் கூப்பிட்டாள். யாரோ கொண்டுவந்திருந்த பூந்தொட்டித் துண்டுக்கு ஒரு நிறம் கலந்து அட்டையில் தடவிக் காயவைத்து, துண்டையும் அட்டையையும் அவரிடம் நீட்டினாள்.

"சரியா இருக்கா?"

"சரியாத்தான் இருக்கு."

"பார்த்துச் சொல்லுங்க. நான் கலந்தேன்னு சொல்லாதீங்க."

அத்தான் வாசல் வெளிச்சத்துக்குப் போனார். வேர்த்துக் கொட்டியது அவருக்கு. திருப்பித் திருப்பிப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மென்று முழுங்கினார்.

"சிவப்பு ஒரு சொட்டு கம்மியோ?" என்றார்.

அக்கா அட்டையை வாங்கிப் பார்த்தாள். டின் மூடியைத் திறந்து சிவப்பு ஒரு சொட்டு விட்டுக் கிளறினாள். அதற்குப் பிறகுதான் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.