படத்தில் விழுந்த கறுப்பு

அந்தத் தாளை நானே வாசித்தேன். அதனால் வந்த வினைதான் எல்லாம்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு முதல் தடவை வந்தபோது, மெஷினுக்குள் போகுமுன் நர்ஸ் அதிலுள்ள கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்து, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். உடம்பில் ஊசி, கம்பி, காசு, நகை ஏதாவது உண்டா? முகத்தைப் பார்த்துக் கேட்டால் எனக்குப் பொய் வராது. இந்தத் தடவை, "சேச்சிக்கு வாயிக்கான் அறியாமோ?" என்றாள். அறியும், வாசிக்கத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். முப்பது வயதுக்குமேல் சாக்ஷரதா என்ற எழுத்தறிவு வகுப்பில் மலையாள எழுத்துப் படித்தவள் நான். தெரியும் என்று சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் விடமாட்டேன். தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். எல்லாக் கேள்விக்கும் நேராக 'இல்லை' என்று எழுதினேன். கடைசியில் மாடத்தி என்று கையெழுத்தும் போட்டேன்.

என் இடுப்பில் ஒரு தாயத்து இருந்தது.

மட்டாஞ்சேரியில் சுக்கும் மஞ்சளும் அடுக்கும் ஒரு கிட்டங்கியில் எனக்கு வேலை. நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து சுக்கைப் பொறுக்கித் தரம் பிரிக்க வேண்டும். இரண்டு துண்டைத் தட்டினாலே போதும், உள்ளே புழு அரித்திருக்கிறதா இல்லையா என்று சத்தம் சொல்லிவிடும். என் வயிற்றுக்குள் இருந்ததை மட்டும் எந்தச் சத்தமும் எனக்குச் சொல்லவில்லை. மூன்று வருஷம் ரத்தமாகப் போனது. உட்கார்ந்த சாக்கை யாரும் பார்க்குமுன் சுருட்டி எடுத்துக்கொண்டு கடைசி ஆளாக எழுந்திருப்பேன். கர்ப்பப்பையில் ஆரஞ்சுப் பழம் அளவுக்குக் கட்டி என்றார்கள். பையோடு எடுத்துவிடலாம் என்றார்கள். கல்யாணமாகிப் பத்து வருஷம். ஒருமுறை தங்கி, மூன்றாம் மாதம் போனது. அதற்குப் பிறகு இல்லை. எடுத்துவிடலாம் என்று சொல்வது அவர்களுக்குச் சுலபம்.

அப்புறம்தான் எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில், ஒலியால் கட்டியைச் சுடும் வைத்தியம் பார்க்கிறார்கள், ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். அது இரண்டாயிரத்து ஒன்பது. எம்ஆர்ஐ மெஷினுக்குள்ளேயே குப்புறப் படுக்க வைத்து, கீழேயிருந்து ஒலியை ஒரு புள்ளியில் குவித்துச் சுட்டார்கள். கத்தி இல்லை, தையல் இல்லை. முடிந்ததும் கையில் மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். மெஷின் பார்க்கும் அம்பிளி என்ற பெண் படத்தைக் காட்டினாள். ரத்தம் ஓடுகிற இடமெல்லாம் வெள்ளையாகத் தெரியும். சுட்ட இடத்துக்கு ரத்தம் போகாது, அது கறுப்பு. கறுப்பு எவ்வளவு பெரியதோ அவ்வளவு நல்லது. எனக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேலே கறுத்திருந்தது. முதுகு நரம்பின் பக்கம் ஒரு ஓரத்தைச் சுடமுடியவில்லை, அது வெள்ளையாகவே நின்றது.

"ஆறு மாசம் பார்க்கலாம்," என்றார் டாக்டரம்மா. "அந்த வெள்ளை வளர்ந்தா, பிறகு பையை எடுக்கத்தான் வேணும்."

அந்த ஆறு மாதமும் கறுப்பு வேண்டும், கறுப்பு வேண்டும் என்றுதான் கும்பிட்டேன். கூட வேலை செய்யும் காமாக்ஷியக்கா பள்ளுருத்தியில் ஒருவரிடம் மந்திரித்து அந்தத் தாயத்தை வாங்கி வந்தாள். செப்புக் குழாய், உள்ளே ஏதோ தகடு. கறுப்புக் கயிற்றில் கோத்து அவளே என் இடுப்பில் கட்டினாள்.

"வயித்துல ஒண்ணு தங்குற வரைக்கும் அவுக்கப்படாது, கேட்டியா? அவுத்தா அதோட போச்சு. எந்த டாக்டர் சொன்னாலும் சரி."

"குளிக்கும்போது?"

"நீ என்னடி கயித்துக்குச் சோப்புப் போடவா போற?"

இந்தத் தடவை மெஷின் அறைக்கு வெளியே தாலியைக் கழற்றினேன். வெறுங்கழுத்தாகப் போக மனம் வராமல், மஞ்சள் கிழங்கு கட்டிய நூலைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்காரர் ஒச்சப்பன் சுமட்டுத் தொழிலாளி. மூட்டை தூக்கிக் காய்த்த கையில் தாலியைத் துண்டோடு சுருட்டி வாங்கினார்.

"கெழங்கு கிட்டங்கில எடுத்ததா?"

"ஒண்ணே ஒண்ணுதாங்க."

"மொதலாளிக்குத் தெரிஞ்சா கழுத்துலருந்து அவுத்துத் தராசுல வச்சுருவான் புள்ள."

சிரித்தேன். தாயத்தைப் பற்றி அவரிடமும் வாய் திறக்கவில்லை. அங்கியை மாற்றும்போது அதைப் பக்கவாட்டில் தள்ளி, விலாவுக்குக் கீழே அமுக்கிவிட்டேன்.

படுத்தேன். பலகை உள்ளே நகர்ந்தது. தொப்புளுக்குக் கீழே ஏதோ அசைந்தது.

முதலில் பயந்தேன். பிறகு இன்னொரு அசைவு. மெல்ல ஒரு இழுப்பு, ஒரு உந்தல். மூன்றாம் மாதத்திலேயே கருவை இழந்தவளுக்கு அந்த அசைவு எப்படித் தெரியும்? காமாக்ஷியக்கா சொல்லக் கேட்டதுதான். ராத்திரியில் உள்ளேயிருந்து மெதுவாகத் தட்டுமாம், கையை வைத்தால் நின்றுவிடுமாம். நான் கையை வைக்கவில்லை. நின்றுவிட்டால் என்ன செய்வது? அந்தக் குழாய்க்குள் கண்ணை மூடிக்கொண்டு, வந்திருக்கிறாயா, வந்திருக்கிறாயா என்று கேட்டுக்கொண்டே கிடந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் கிடந்ததே இல்லை.

பலகை வெளியே வந்தது. அம்பிளி கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால், கண்ணாடிக்கு அப்புறம் என் படம் தெரிந்தது. வயிறு இருக்க வேண்டிய இடம் முழுக்கக் கறுப்பு. கிணற்றை மேலிருந்து பார்த்த மாதிரி.

"அம்பிளி, கறுத்திருச்சே! முச்சூடும் கறுத்திருச்சே!"

"சேச்சீ, தேகத்துல எவிடெயெங்கிலும் இரும்பு உண்டோ?"

"இல்ல."

"சத்தியம் பறயணும்."

முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டாள். அங்கியை ஒதுக்கிக் காட்டினேன். பக்கவாட்டில் அமுக்கிய தாயத்து நேர் நடுவயிற்றுக்கு வந்து கிடந்தது. குழாய்தான் செம்பு, உள்ளே இருந்த தகடு இரும்பு; மெஷினின் காந்தம் அதை இழுத்திருக்கிறது. என் வயிற்றில் அசைந்தது அதுதான்.

"என்ட தெய்வமே! சின்னதாப் போச்சு. பெரிசாயிருந்தா சேச்சியோட வயித்தக் கீறியிருக்கும். பேப்பர்ல இல்லன்னு எழுதினது யாரு?"

"நான்தான்."

"நல்ல கையெழுத்து," என்றாள். அடித்திருந்தால்கூட அப்படி உறைத்திருக்காது.

"அப்போ அந்தக் கறுப்பு?"

"அது கட்டியல்ல சேச்சி. இரும்பு கிட்ட இருந்தா அவிடெ படமே வராது. கீழ என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. இந்தப் படத்த அழிச்சு வேற எடுக்கணும். நீங்க அத அவுக்கணும்."

அவிழ்த்தால் அதோடு போச்சு என்று காமாக்ஷியக்கா சொன்னது காதுக்குள் நின்றது. அவிழ்க்காவிட்டால் அந்த வெள்ளை வளர்ந்ததா சுருங்கியதா என்று யாருக்கும் தெரியாது. தெரியாமலே வைத்திருந்து ஒருநாள் மறுபடி ரத்தமாகப் போனால், பையும் போகும். அங்கே உட்கார்ந்து கயிற்றை விரலால் தடவிக்கொண்டே இருந்தேன். வியர்வையில் முடிச்சு இறுகிக் கல்லாகியிருந்தது. அம்பிளி வெளி அறைக்குக் கூட்டிப்போய்க் கத்தரியை எடுத்தாள்.

"குடு. நானே அறுக்கறேன்."

இரண்டு தடவை நழுவியது. மூன்றாவதில் அறுந்தது.

மறுபடி உள்ளே போனேன். இந்தத் தடவை முக்கால் மணி நேரம். கையில் மருந்து குளிர்ச்சியாக ஏறியது. மெஷின் தகரக் கொட்டகையில் சுத்தியலால் அடிக்கிற மாதிரி அடித்தது. அவ்வளவு சத்தத்திலும் நான் தொப்புளுக்குக் கீழேதான் கவனமாக இருந்தேன். ஒன்றும் அசையவில்லை.

சாயங்காலம் டாக்டரம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டு இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழைய படத்தில் ஆரஞ்சு. புதியதில் எலுமிச்சை, நடுவில் கறுப்பு. சுடாமல் விட்ட ஓரம் ஒரு நகக்கீற்று மாதிரி மெலிந்து நின்றது.

"வளரல. பையை எடுக்க வேண்டாம்."

ஒச்சப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தாலி அந்தத் துண்டில்தான் இருந்தது. கீழே விழாமல் நான் பிடித்தேன்.

"டாக்டரம்மா, பிள்ள?"

அவர் புதிய படத்தின் பக்கம் திரும்பினார். பேனா முனையால் ஒரு இடத்தைக் காட்டினார். படத்தின் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு. "இதுதான் கர்ப்பப்பையோட உள் இடம். முன்னே கட்டி தள்ளி வளைஞ்சு கிடந்தது. இப்போ நேரா இருக்கு. உங்களுக்கு முப்பத்தெட்டு வயசு மாடத்தி. நான் வாக்குத் தரமாட்டேன். ஆனா இடம் இருக்கு."

அவர் படத்தை மாற்றப் போனார். "கொஞ்சம் இருக்கட்டும்," என்றேன். ஒரு கீற்றுத்தான். யாரும் வந்து நிலைக்காத இடம். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மட்டாஞ்சேரிக்குப் படகு ஏறியதும் ஒச்சப்பன் கேட்டார், "அந்தப் பொண்ணு ஏன் அப்படி ஓடியாந்துச்சு?"

அறுந்த கயிற்றையும் தாயத்தையும் எடுத்துக் காட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். அசைந்ததை மட்டும் சொல்லவில்லை. அவர் அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

"இம்புட்டுக்கு அவ்வளவு கறுப்பா?" என்று கேட்டு என் மடியிலேயே வைத்தார். "அக்காகிட்ட என்ன சொல்லப் போற?"

"அறுத்துட்டேன்னுதான் சொல்லணும்."

படகின் நடுவில், எஞ்சினுக்கு மேலே இருக்கிற பலகையில் உட்கார்ந்திருந்தோம். படகு கிளம்பியது. பலகை அதிர்ந்தது, இடுப்பு அதிர்ந்தது, தொப்புளுக்குக் கீழே அதிர்ந்தது.

"முன்னால எடம் கெடக்கு, வா. இங்க குடலப் பெரட்டும்," என்று ஒச்சப்பன் எழுந்தார்.

"நீங்க போங்க," என்றேன். "நான் இங்கயே இருக்கேன்."