வாசலின் வெளிப்பக்கம்

எங்கள் வீட்டை வாங்க வந்தவர்களில் ஏழு பேர் காரை விட்டு இறங்கவே இல்லை. கார் வரும், மெதுவாகும், உள்ளேயிருந்து இரண்டு தலை எட்டிப் பார்க்கும், அப்படியே போய்விடும். நான் தலை வாரி, டீக்குத் தண்ணீர் வைத்துக் காத்திருந்ததெல்லாம் வீண். வந்த கோபத்துக்குக் கல்லெடுத்து எறிந்திருப்பேன். வயசைப் பார்த்துப் பேசாமல் இருந்தேன்.

"உள்ள எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா. வெளியதான் பாக்க சகிக்கல. ரோட்ல நின்னு பாக்குறவனுக்குப் பிடிச்சாத்தானே உள்ள வருவான்?" என்றார் புரோக்கர். செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்: "ஆளுங்க வர்ற நேரத்துல சாரை மாடி ஜன்னல்ல உக்கார வைக்காதீங்க. பாக்குறவங்க ஒரு மாதிரி நெனைக்கிறாங்க."

சார் என்றால் என் வீட்டுக்காரர். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். ஐந்து மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. "தண்ணி", "வா" என்று ஒற்றை ஒற்றையாகத்தான் வரும். எங்கள் வீட்டில் படுக்கையறை, குளியலறை எல்லாமே மாடியில். படிக்கட்டு எவ்வளவு குறுகல் என்றால், திரும்பும்போது எனக்கே தோள் இடிக்கும். "தினம் சமதரையில நடக்க வெச்சா கால்ல தெம்பு திரும்பிடும். இப்படியே மாடியில உக்காந்திருந்தார்னா அவ்வளவுதான்" என்று பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபி அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். என் தம்பி தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தரைத்தள வீடு பார்த்து வைத்திருந்தான். அதன் சொந்தக்காரர் மாதக் கடைசி வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். இது விற்றால்தான் அது.

"ஜன்னலும் என்னோடது, அவரும் என்னோடவர். பிடிக்காதவன் கண்ணை மூடிக்கிட்டு வரட்டும்" என்று புரோக்கரை அனுப்பி வைத்தேன்.

பிறகு தம்பியும் நானும் மூன்று நாள் மாடாக உழைத்தோம். கேட்டுக்குக் கரும்பச்சை, சுற்றுச்சுவருக்கு வெள்ளை, படிக்கு இரண்டு பக்கமும் பூந்தொட்டி. வீட்டுக்காரர் ஜன்னலில் உட்கார்ந்து இடது கையால் மேற்பார்வை பார்த்தார். அங்கே விட்டுப்போச்சு, இங்கே வழியுது என்று விரல் ஓயவில்லை. "பஸ்ல கண்டக்டரை இப்படித்தான் படுத்தியிருப்பார்" என்று தம்பி சிரித்தான். மூன்றாம் நாள் சாயங்காலம் படியில் நின்று பார்த்தேன். என் கண்ணே பட்டுவிடும் போல இருந்தது.

மறுநாள் காலையில் எட்டாவது கார் வந்தது. மெதுவானது. போய்விட்டது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது எதிர்வீட்டு டீச்சர் தெருவைக் கடந்து என்னை நோக்கி வந்தார்.

இவருக்கும் எனக்கும் ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. எங்கள் வாசலை மறித்துத் தன் காரை நிறுத்தினார், நான் நாலு வார்த்தை கேட்டேன், அவர் எட்டாகத் திருப்பிக் கொடுத்தார், முடிந்தது கதை. அன்றிலிருந்து வெளியே போனாலும் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு விடுவிடுவென்று நடப்பேன்.

"கோவிச்சுக்காதீங்க. மூணு நாளா நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். வெளிப்பக்கம் எப்ப அடிப்பீங்க?" என்றார்.

"எந்த வெளிப்பக்கம்?"

அவர் என் கையைப் பிடித்து இழுத்துப்போய், தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "இங்கேர்ந்து பாருங்க."

பார்த்தேன். அடப்பாவமே! கேட்டின் தெருப்பக்கம் முழுக்கத் துரு. சுவரில் பாசி, அதன்மேல் பாதி கிழிந்த நோட்டீஸ்கள். தபால் பெட்டி ஒற்றை ஆணியில் தொங்கியது. கீழ் ஜன்னல் இருக்கும் இடமே தெரியாமல் கொடி மூடியிருந்தது. நாங்கள் அடித்ததெல்லாம் உள்பக்கம்! "வெளிப்பக்கம், அக்கா?" என்று தம்பி முதல் நாளே கேட்டான். "அவ மூஞ்சில முழிச்சுக்கிட்டு நடுத்தெருவுல நிக்கச் சொல்றியா? கேட்டைச் சாத்து, மொதல்ல உள்ள முடி" என்றேன். அதோடு நானும் மறந்தேன், அவனும் மறந்தான். மாடியிலிருந்து பார்த்த மேற்பார்வையாளருக்கும் உள்பக்கம்தானே தெரியும்? வீம்புக்கும் ஒரு அளவு வேண்டாமா!

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டீச்சரும் அடக்க முடியாமல் சிரித்தார். அந்தச் சத்தத்துக்கு மாடி ஜன்னலில் வீட்டுக்காரர் திரும்பினார். இடது கையைத் தூக்கினார். டீச்சரும் சாவகாசமாகக் கையைத் தூக்கினார்.

"இது என்ன புதுசா?" என்றேன்.

"புதுசா? அவர் ரிட்டயர் ஆனதுலேர்ந்து இதான். நான் ஸ்கூலுக்குக் கிளம்புறப்ப தினமும் கை தூக்குவார். அன்னைக்குத் தூக்க வந்த கை பாதியிலயே விழுந்துச்சு, ஆளும் சரிஞ்சுட்டார். அதைப் பாத்துத்தானே ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணேன்? சிலிண்டர்காரர் தெருவுல இருந்தார், அவரை விட்டுக் கதவை உடைக்கச் சொன்னேன்."

அன்று நான் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உடைந்த கதவருகே சிலிண்டர்காரர் நின்றார். எல்லாம் அவர் செய்ததுதான் என்று நினைத்துவிட்டேன். அரைமணி நேரம் தாமதித்திருந்தால் ஆளே கிடைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, சிலிண்டர்காரர் வரும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு டீ கொடுக்கிறேன். "நான் கதவை மட்டும்தான் உடைச்சேன்மா" என்பார் பாவம். என்ன ஒரு அடக்கம் என்று உருகி இன்னொரு டம்ளர் கொடுப்பேன்.

"ஏன் டீச்சர் சொல்லல?"

"ரெண்டு தடவை வந்தேன். என்னைப் பாத்ததும் கதவைச் சாத்திட்டீங்க."

சாத்தினேன்தான். அதைவிடக் கொடுமை ஒன்று அப்போது உறைத்தது. வீட்டுக்காரர் இந்த ஐந்து மாதமாக அடிக்கடி எதிர்வீட்டைக் கை காட்டுவார். "அவ மூஞ்சியப் பாக்கப் பிடிக்கலையா? இருங்க" என்று நான் திரையை இழுத்து மூடுவேன். அவர் கோபமாகக் கட்டிலைத் தட்டுவார். நான் என்னத்தைக் கண்டேன்!

டீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். "என் மனுஷனைத் திருப்பிக் குடுத்தது நீங்களா? உங்களைப் பாத்தா நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்?"

"அழுது முடிச்சதும் ஒரு பிரஷ் குடுங்க. இன்னைக்கு எனக்கு லீவு" என்றார் அவர். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

மறுபடி இரண்டு நாள். இந்தத் தடவை கேட்டை அகலத் திறந்து வைத்துக்கொண்டு. டீச்சர் கொஞ்ச நேரம் அடிப்பார், கொஞ்ச நேரம் தன் வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு விடைத்தாள் திருத்துகிற மாதிரி குறை சொல்வார். "கொடிய இன்னும் வெட்டுங்க. ஜன்னல் மூச்சு விடட்டும்." தம்பி தபால் பெட்டியை நிமிர்த்தினான்.

ஒன்பதாவது கார் ஞாயிற்றுக்கிழமை வந்தது. நின்றது. கண்ணாடி இறங்கியது. உள்ளே இருந்த பெண் மேலே பார்த்தாள், வீட்டுக்காரர் கையைத் தூக்கினார், அவளும் தூக்கினாள். இறங்கி உள்ளே வந்தாள். "வாசல் பளிச்சுன்னு இருந்துச்சு, மேலேர்ந்து வேற ஒருத்தர் வாங்கன்னு கூப்பிட்டார், எப்படிப் போறது?" என்றாள். நான் புரோக்கரைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்தார். மாதக் கடைசிக்கு ஆறு நாள் இருக்கும்போது வீடு கைமாறியது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

கிளம்பும் நாளன்று நாலு பேர் சேர்ந்து அவரை நாற்காலியோடு படியிறக்கினார்கள். தெருவில் தம்பி கார் கதவைத் திறந்து வைத்திருந்தான். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வலது காலை இழுத்து இழுத்து, எதிர்ப்பக்கம் நடக்க ஆரம்பித்தார். தம்பி ஓடிப்போய் நடுத்தெருவில் நின்று வண்டிகளை மறித்தான்.

டீச்சர் தன் வாசலில் நின்றிருந்தார். இவர் அவர் முன்னால் போய் நின்றார். மூச்சு வாங்கியது. உதடு கோணிக் கோணிப் போனது. நான் குறுக்கே பேசாமல் என் வாயைக் கட்டிப்போட்டேன், அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

"நீங்க... பாத்தீங்க" என்றார்.

டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஐந்து மாதத்தில் என் வீட்டுக்காரர் சேர்த்துச் சொன்ன முதல் இரண்டு வார்த்தை. ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்ட எனக்கு இல்லை, எதிர்வீட்டுக்காரிக்கு. எனக்குத் துளிகூடப் பொறாமை வரவில்லை.