இரண்டு பேர் விட்ட சொட்டு

அண்ணனைக் கட்டியவளும் தம்பியைக் கட்டியவளும் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்ப்பது அழகாகத்தான் இருந்தது, குக்கர் ரப்பர் காணாமல் போகும் வரைக்கும். தான் இரவல் கொடுத்த குக்கர், ரப்பர் இல்லாமல் திரும்பி வந்தது என்றாள் பெரியவள். வரும்போதே ரப்பர் இல்லை, சோறு வேகாமல் வீடே பட்டினி கிடந்தது என்றாள் சின்னவள். அன்றோடு பேச்சு நின்றது.

நின்றது நேர்ப் பேச்சுதான். ஜாடைப் பேச்சுக்கு ஒரு குறையும் இல்லை. நடு மேசையில் மின்னழுத்தம் கொடுக்கும் மெஷின் ஒன்று இருந்தது. இருவரும் அதனிடம்தான் பேசினார்கள்.

"மெஷினே, சில பேர் வாங்கின பொருளை முழுசாத் திருப்பித் தர மாட்டாங்க, தெரியுமா?" என்பாள் பெரியவள்.

"மெஷினே, சில பேர் குடுக்கும்போதே முக்காலைத்தான் குடுப்பாங்க," என்பாள் சின்னவள்.

மெஷின் யார் பக்கமும் சாயாமல் பச்சை விளக்கைச் சிமிட்டும்.

அவர்கள் பிழைப்பு ஓர் உப்போடு. சூடாக்காமல், எதிலும் கரைக்காமல், தானே எண்ணெய் போல வழவழவென்று நிற்கும் உப்பு. அளவாக ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கண்ணுக்குத் தெரியாமல் கலந்துவிடும். உள்ளே இருக்கும் தங்கத் தகட்டுக்கு மின்னழுத்தம் கொடுத்தால், தகட்டை ஒட்டி மட்டும் தண்ணீர் பிரிந்து குட்டிக் குட்டித் தீவுகளாக உட்காரும். நிறுத்தினால் மறுபடி கலந்துவிடும். அந்தத் தீவுகளை இன்றைக்குப் பார்வையிட வரும் குழுவுக்குக் காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் அறை பக்கத்துப் பெயிண்ட் ஆராய்ச்சிக்காரருக்குப் போய்விடும். அந்த மனிதர் ஏற்கெனவே வந்து ஜன்னலுக்குத் திரை அளந்துவிட்டுப் போயிருந்தார்.

காலையில் முதலில் வந்தவள் சின்னவள். சொட்டை விட்டுவிட்டுக் கை கழுவப் போனாள். காலங்காத்தாலே என்ன பேச்சு என்று மெஷினிடம்கூடச் சொல்லவில்லை. பின்னால் வந்த பெரியவள் திரவம் தெளிவாக இருப்பதைப் பார்த்தாள். இவளாவது செய்திருப்பாளாவது என்று தானும் ஒரு சொட்டு விட்டாள்.

சின்னவள் திரும்பி வந்தபோது திரவம் பாலாக வெளுத்திருந்தது. மின்னழுத்தம் கொடுக்கும் முன்பே எல்லா இடத்திலும் தண்ணீர் பிரிந்து நின்றது. எங்கே பார்த்தாலும் தீவு, கடலைக் காணோம்.

"மெஷினே, நான்தான் விட்டேனே."

"மெஷினே, நானும் விட்டேன்."

இனி ஈரமில்லாத உப்பை இன்னொரு பங்கு ஊற்றினால்தான் தெளியும். அது பெரியவளின் அகலவாய்க் கண்ணாடி ஜாடியில் இருந்தது. அதை வேறு யாரும் தொடக்கூடாது. படிக்கட்டில் ஆய்வகத் தலைவரின் சிரிப்பு கேட்டது. மெஷினிடம் கேட்டால் மெஷினா எடுத்துத் தரும்? சின்னவள் பெரியவள் பக்கம் நேராகத் திரும்பினாள்.

"அக்கா, காய்ஞ்சது கொஞ்சம் குடுங்க."

பெரியவள் திடுக்கிட்டுப் போனாள். இரண்டு கையாலும் தகட்டைத் திரவத்துக்குள் பிடித்திருந்ததால் எடுத்துக்கொள் என்று முகவாயால் ஜாடியைக் காட்டினாள்.

சின்னவள் மூடியை மல்லுக்கட்டித் திறந்தாள். மூடியின் அடியில், பெரியத்தானின் கத்தி பட்ட பழைய வெட்டோடு, வட்டமாக உட்கார்ந்திருந்தது குக்கர் ரப்பர்.

நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் கதவுக் கைப்பிடி திரும்பிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு உப்பை ஊற்றினாள். பால் தெளிந்தது. குழு உள்ளே வந்தது. மெஷினைப் போட்டதும் கணினித் திரையில் தீவுகள் ஒவ்வொன்றாக முளைத்தன.

குழுவில் வந்த அம்மாள் ஒருவர், உப்பை எப்படி இவ்வளவு ஈரமில்லாமல் வைத்திருக்கிறீர்கள் என்று வியந்தார். பெரியவள் பெருமையாக ஜாடி மூடியைத் தூக்கிக் காட்டினாள்.

"இதோட ரப்பர் கிழிஞ்சு போச்சுங்க. அதான் வீட்ல இருந்து ஒண்ணு…"

பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டாள். சின்னவள் கூரையைப் பார்த்தாள்.

அறை உங்களுக்கே என்று சொல்லிவிட்டுத் தலைவர் குழுவோடு போனார். பெரியவள் வெகுநேரம் தகட்டைத் துடைத்தாள், துடைத்ததையே துடைத்தாள். பிறகு மெஷின் பக்கம் திரும்பினாள்.

"மெஷினே, அந்தக் குக்கரை அவளே வெச்சுக்கட்டும்னு சொல்லு."

"மெஷினே," என்றாள் சின்னவள், "ரப்பரோடயா, இல்லாமயான்னு கேளு."